சீசாவுக்குள் ஒரு வாழைத்தோப்பு

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பந்திக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். "சார், இந்த ஜி-9 பழமெல்லாம் டிஷ்யூ கல்ச்சராமே? ஹார்மோன் ஊத்தி சீசாவுல வளக்கிறதாமே? பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா, வேண்டாமா?" நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தக் கேள்விக்கு இரண்டே வரியில் பதில் சொல்லி முடிப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். "கொடுக்கலாம்மா, பயப்படாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தம்மா நம்பியதாகத் தெரியவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே இந்த விளக்கம்.

முதலில் கேள்விக்குப் பதில். திசு வளர்ப்பில் சேர்க்கும் வளர்ச்சி ஊக்கி, அதாவது ஹார்மோன், பழத்தில் ஊற்றுவதில்லை. கன்று பிறக்கும் சீசாவில் சேர்ப்பது. அதன் அளவு ஒரு லிட்டர் ஊட்டக் கரைசலுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீசாவை விட்டுக் கன்று வெளியே வந்து, நிழல்வலையில் இரண்டு மூன்று மாதம் பழகி, மண்ணில் இறங்கி, பதினோரு பன்னிரண்டு மாதம் கழித்துத் தார் வெட்டுகிறோம். ஒரு விரல் உயரக் கன்று இருபத்தைந்து கிலோ தார் தாங்கும் மரமாகியிருக்கிறது. சீசாவில் குடித்தது அதில் எங்கே மிஞ்சியிருக்கும்? அதோடு, இந்த ஊக்கிகள் அந்நியப் பொருள்களும் அல்ல. உங்கள் கொல்லையில் தானாக முளைத்த வாழையும் தன் உடம்பிலேயே இதே வகைப் பொருள்களைச் சுரந்துதான் வளர்கிறது. இன்னொன்று: திசு வளர்ப்பு வேறு, மரபணு மாற்றம் வேறு. இதில் எந்த மரபணுவையும் புகுத்துவதில்லை.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு ஒன்று உண்டு. அது பழுக்க வைக்கும் இடம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதற்குச் சட்டப்படி தடை இருக்கிறது. அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் அனுமதித்தது. எத்திலீனும் ஒரு தாவர ஹார்மோன்தான். பழம் தானே விடும் மூச்சு அது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "டிஷ்யூ கல்ச்சரா?" என்பதல்ல, "எதுல பழுக்க வெச்சீங்க அண்ணாச்சி?" என்பதுதான்.

இனி, இந்த வித்தை எப்படி வந்தது என்று பார்ப்போம். இதில் நம் தீவுக்கு மிகவும் வேண்டிய ஒரு பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது இளநீர்.

ஒரு செடியின் எந்த உயிருள்ள செல்லை எடுத்தாலும், அதற்குள் முழுச் செடியையும் உண்டாக்கும் அறிவு இருக்க வேண்டும் என்று ஹாபர்லாண்ட் என்ற ஜெர்மன் மொழி பேசிய அறிஞர் 1902இலேயே சொன்னார். செல்களைப் பிரித்துக் கரைசலில் போட்டும் பார்த்தார். அவை உயிரோடு இருந்தன, கொஞ்சம் பெருத்தன, ஆனால் பிரியவில்லை. எதைக் கொடுத்தால் பிரியும் என்று அவருக்குத் தெரியாது. அன்று ஒரு ஹார்மோன்கூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

முதலில் சிக்கியது ஆக்சின். ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகர் கட்டியின் மேல் வைத்து, பிறகு அந்தக் கட்டியை மட்டும் முளையின் ஓரத்தில் வைத்தால் முளை வளைகிறது என்று வென்ட் என்ற டச்சு இளைஞர் 1920களில் காட்டினார். நுனியிலிருந்து ஏதோ ஒன்று கட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைத் தேடியவர்கள் 1934இல் அதை எதிலிருந்து பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? மனிதச் சிறுநீரிலிருந்து! வகுப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சு வரை சிரிப்பு. ஆனால் அந்தப் பாடத்தை எவனும் மறந்ததில்லை.

ஆக்சின் மட்டும் போதவில்லை. 1941இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக் என்பவரும் நண்பர்களும் ஊமத்தையின் மிகச் சிறிய கருக்களை வளர்க்க முயன்று தோற்று, கடைசியில் தேங்காய்த் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். கரு வளர்ந்தது. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. தேங்காய்த் தண்ணீர் என்பது இயற்கை ஒரு கருவுக்காகவே ஊற்றி வைத்த திரவ உணவு. 1950களில் ஸ்டீவர்டு என்பவர் கேரட் துண்டுகளை இதே தண்ணீரில் சுழலவிட்டு வளர்த்தார். 1958இல் அந்தச் செல்களிலிருந்து முழுக் கேரட் செடியே வந்துவிட்டது. ஹாபர்லாண்ட் சொன்னது ஐம்பத்தாறு ஆண்டு கழித்துப் பலித்தது.

தண்ணீருக்குள் என்ன மந்திரம்? அதைத் தேடிய கதை இன்னும் சுவையானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக் என்ற பேராசிரியரின் கூடத்தில் மில்லர் என்ற ஆய்வாளர், புகையிலைத் தண்டின் சோற்றுச் செல்களைப் பிரியவைக்க அலமாரியிலிருந்த பொருள்களையெல்லாம் போட்டுப் பார்த்தார். ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த பழைய டி.என்.ஏ. ஒரு புட்டியில் இருந்தது. அதைப் போட்டதும் செல்கள் மளமளவென்று பிரிந்தன. மகிழ்ந்துபோய்ப் புதிய டி.என்.ஏ. வாங்கிப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை! பிறகுதான் புரிந்தது: டி.என்.ஏ. பழசாகிச் சிதைந்தால்தான் அந்தப் பொருள் உண்டாகிறது. புதியதை அழுத்தக் கொதிகலனில் வேகவைத்ததும் அதுவும் வேலை செய்தது. 1955இல் அதற்குக் கைனடின் என்று பெயர் வைத்தார்கள். சைட்டோகைனின் என்ற குடும்பத்தில் முதலில் பிடிபட்டது அதுதான். தேங்காய்த் தண்ணீரிலும் அந்தக் குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன என்று பின்னால் தெரிந்தது.

1957இல் ஸ்கூக்கும் மில்லரும் சொன்ன விதிதான் இன்று உலகம் முழுவதும் திசு வளர்ப்புக் கூடங்களில் அடிப்படை. ஆக்சின் மிகுந்து சைட்டோகைனின் குறைந்தால் வேர் வரும். சைட்டோகைனின் மிகுந்தால் குருத்து வரும். இரண்டும் ஏறத்தாழச் சரிசமமாக இருந்தால் இரண்டும் வராது. உருவமில்லாத ஒரு செல் கூட்டம் பொருமிக்கொண்டு வளரும், அதற்குக் கேலஸ் என்று பெயர். ஆக, முக்கியம் அளவு அல்ல, விகிதம். சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று கேட்டால் உப்பைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாதல்லவா, அந்த மாதிரி. 1962இல் முராசிகே என்ற மாணவர் ஸ்கூக்குடன் சேர்ந்து, எந்த உப்பு எத்தனை கிராம் என்று பட்டியலிட்ட ஊட்டக் கலவையை வெளியிட்டார். இன்றும் 'எம்.எஸ். மீடியம்' என்று சொல்வது அதைத்தான். அதில் உப்புகள், சர்க்கரை, சில வைட்டமின்கள், கெட்டியாக அகர். ரம்ஜான் நோன்பு மாதத்தில் நம் இஸ்லாமிய நண்பர்கள் வீட்டில் கடல்பாசி என்று ஒரு இனிப்புக் கொடுப்பார்களே, அதே அகர்தான்.

இப்போது வாழைக்கு வருவோம்.

நல்ல தாய்மரத்தின் ஈட்டிக் கன்றைத் தோண்டி, மட்டைகளை உரித்து உரித்து உள்ளே போனால் கடைசியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு சின்னக் குருத்து நுனி நிற்கும். அதைக் கிருமிநாசினியில் நனைத்துக் கழுவி, தூய காற்று வீசும் மேசையில் வைத்து வெட்டி, பி.ஏ.பி. என்ற சைட்டோகைனின் கூடுதலாக உள்ள எம்.எஸ். கலவையில் வைப்பார்கள். குருத்தின் அடியில் தூங்கிக்கொண்டிருந்த பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒன்று மூன்றாகும். மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை பிரித்துப் புதிய சீசாவில் வைத்தால் மூன்று ஒன்பதாகும், ஒன்பது இருபத்தேழாகும். போதும் என்றதும் ஆக்சின் உள்ள சீசாவுக்கு மாற்றுவார்கள், வேர் இறங்கும். மண்ணில் ஒரு தாய் வாழை ஆண்டுக்கு ஐந்தோ பத்தோ கன்று தரும். சீசாவில் ஒரு நுனியிலிருந்து ஆயிரம்.

ஆயிரத்தோடு நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேராசைப்பட்டு மேலும் மேலும் பிரித்துக்கொண்டே போனால் கன்றுகள் மாறத் தொடங்கும். குள்ளமாகும், இலை நெருங்கும், தார் கோணலாகும். அதனால்தான் ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புக் கன்றுகளுக்கென்றே ஒரு தரச் சான்று முறையை 2006இல் கொண்டுவந்தது. கன்றில் வைரஸ் இருக்கிறதா, ஒரே மாதிரி இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருவார்கள்.

அதே 2006இல் நான் சூடுபட்டேன். சுனாமியில் என் மச்சானின் தோட்டத்தில் பாதி உப்புத் தண்ணீரில் போய்விட்டது. போர்ட் பிளேர் பக்கம் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்ததால் சிப்பிகாட்டில் அன்று வயலாக இருந்த இடம் பிறகு கடல்நீர் நிற்கும் இடமானது உங்களுக்குத் தெரியும். மிச்சமிருந்த மேட்டு நிலத்தில் வாழை வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். சென்னையில் ஒரு விற்பனையாளரிடம் சொல்லி இருநூறு கன்று கப்பலில் வரவழைத்தோம். சான்று எதுவும் நான் கேட்கவில்லை. வாத்தியாராக இருந்துகொண்டு கேட்கவில்லை! கன்றுகளை மூடிய அட்டைப் பெட்டியில் அடுக்கி, சரக்கு அறையில் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் பயணம். பெட்டியைத் திறந்தபோது அவிந்த கீரை மாதிரி ஒரு வாடை. எழுபதோ எண்பதோதான் பிழைத்தன. அவற்றிலும் பத்துப் பன்னிரண்டு குட்டையாகவே நின்று தார் தள்ளவில்லை. மச்சான் இன்றுவரை அதைக் குத்திக் காட்டுவார்: "மாப்ள படிச்ச படிப்பு என் தோட்டத்துல குட்டையா நிக்குது பாரு."

ஏன் அப்படி ஆயிற்று என்று அப்புறம் நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டேன். சீசாவுக்குள் வளரும் கன்று சோம்பேறி. சர்க்கரை வாய்க்கே வருகிறது, ஆகவே அது வெயிலில் சமைக்கக் கற்றுக்கொள்வதில்லை. காற்று எப்போதும் ஈரமாக இருப்பதால் இலையின் மேல் மெழுகுப் பூச்சு சரியாகப் படிவதில்லை. இலைத் துளைகளை மூடவும் தெரியாது. வெளியே எடுத்தால் அரை நாளில் வதங்கிவிடும். அதனால் முதலில் பனிக்காற்று மாதிரி ஈரம் உள்ள அறையில் சில வாரம், பிறகு நிழல்வலையில் ஒன்றரை இரண்டு மாதம் என்று படிப்படியாகப் பழக்க வேண்டும். நான்கைந்து நல்ல இலை விட்டு, ஒரு அடி உயரம் வந்த கன்றுதான் பயணத்துக்கு லாயக்கு. அதுவும் காற்றோட்டமாக, மேல்தளத்தில். இங்கே வந்து இறங்கிவிட்டால் நம் தீவின் ஈரக் காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். தமிழ்நாட்டு வெயிலைவிட இங்கே பிழைப்பது எளிது. வழியில்தான் சாகிறது.

சரி, இவ்வளவு தொல்லை எதற்கு, ஊரிலிருந்து நாலு கன்றைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தால் போகாதா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது. என் அம்மா தாமிரபரணிக் கரை ஊரிலிருந்து வந்தபோது, துணி மூட்டையோடு ஒரு கதலிக் கன்றும் கொண்டுவந்தார். கப்பலில் குடிதண்ணீரை அளந்து கொடுத்த நாளிலும் அதற்கு ஒரு டம்ளர் ஊற்றினாராம். டிலானிப்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறம் அந்த வாழை இருபது வருடத்துக்கு மேல் தாரும் கன்றுமாக நின்றது. அக்கம்பக்கத்தில் தமிழர், வங்காளி, மலையாளி என்று எத்தனையோ வீட்டுக்குக் கன்று போனது. ஒரு வருடம் இலைகள் நிமிர்ந்து, குறுகி, முடி கொத்தாகக் கட்டினாற்போல் நின்றன. அடுத்த வருடம் எல்லாமே. முடிக்கொத்து நோய். கறுப்பு அசுவினி பரப்பும் வைரஸ் அது, மருந்து கிடையாது, வெட்டிப் புதைக்க வேண்டியதுதான். நோய் அம்மா கொண்டுவந்த கன்றோடு வந்ததா, வேறு யாரும் கொண்டுவந்த கன்றிலிருந்து வந்ததா என்று யார் சொல்ல முடியும்? ஆனால் இந்த நோய் தூர தேசம் போவது அசுவினியின் இறக்கையால் அல்ல, நம் கோணிச் சாக்கால்தான். தமிழ்நாடு, கேரளம், வங்காளம் உள்ளிட்ட சில மாநிலங்களிலிருந்து வாழைக் கன்றுகளை வெளியே கொண்டுபோகக்கூடாது என்று 1914ஆம் ஆண்டுப் பூச்சி நோய்த் தடைச் சட்டத்தின் கீழ் ஆணையே போட்டிருந்தார்கள். நம்மில் யாருக்கு அது தெரியும்? அம்மாவிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாட்சி மலைவாழைக்கும் இதே நோய்தான் வந்தது. 1970களிலிருந்து கீழ்ப்பழனி மலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. அதை மீட்டதில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திசு வளர்ப்புக் கன்றுகளுக்குப் பங்கு உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீசாவில் வளர்ந்தால் நோய் தானாகப் போய்விடும் என்று விற்பவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. குருத்தின் உச்சிமுனையில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடத்தில், வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. அதை மட்டும் வெட்டி வளர்த்தால் தப்பிக்க வழியுண்டு. வியாபாரக் கூடங்கள் எடுப்பது அதைவிடப் பெரிய துண்டு. ஆகவே தாய்மரத்தைச் சோதிக்காமல் எடுத்தால், ஒரு நோயாளியிலிருந்து ஆயிரம் நோயாளிகள். சான்றுக் கடிதம் கேளுங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான். வீட்டுக் கொல்லையில் மூன்று நான்கு மரம் வைப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நோயில்லாத தூரில் ஈட்டிக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள், போதும். ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் என்று போனால் மட்டும் திசு வளர்ப்புக் கன்று. கராச்சரமாவில் உள்ள மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், நம் பழைய ஆட்கள் காரி என்றே சொல்லும் இடத்தில், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடைசியாகத் தென்னை. இது நம் தீவுக் கதை. அதிகம் பேருக்குத் தெரியாது.

மற்ற செடிகளை வளர்க்கத் தண்ணீர் கொடுத்த தென்னை, தான் மட்டும் சீசாவுக்குள் வர மறுத்துவிட்டது. வாழைக்குப் பக்கக் கன்று உண்டு, தென்னைக்கு இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அதை வெட்டினால் மரம் போயிற்று. பதியமும் இல்லை, ஒட்டும் இல்லை. நெற்றிலிருந்து மட்டுமே பரம்பரை. அதிலும் நெட்டை மரங்கள் பிற மரத்து மகரந்தம் வாங்குபவை. நூறு காய் காய்க்கும் மரத்தின் நெற்றுப் போட்டால் பிள்ளை நாற்பது காய்ப்பதும் உண்டு.

1980களின் தொடக்கத்தில் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் பசிபிக் தீவுகளிலிருந்து பலவகைத் தென்னைகளைச் சேகரித்தார்கள். ஃபிஜி, சாலமன், பப்புவா நியூகினி, தாஹிட்டி என்று பல ஊர் நெற்றுகள். அவற்றை நேரே தாய்நாட்டில் நட அஞ்சினார்கள். பிலிப்பைன்ஸில் கடாங்-கடாங் என்ற நோய் கோடிக்கணக்கான தென்னைகளைக் கொன்றிருந்தது. ஒளிந்து வரும் அத்தகைய நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இறங்கினால் என்ன ஆகும்? ஆகவே சுற்றிலும் கடல் காவல் இருக்கும் நம் சிப்பிகாட்டில் நட்டார்கள். உலகத் தென்னை மூலவளத் தோட்டம் என்று அதற்குப் பெயர்.

மரங்கள் வளர்ந்து காய்த்தன. அவற்றின் வாரிசுகளைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நெற்றாகக் கொண்டுபோனால் எடை. மட்டையோடு பூச்சியும் போகும். அப்போது கை கொடுத்தது கரு வளர்ப்பு. தேங்காயின் மூன்று கண்ணில் மென்மையான கண்ணுக்கு நேர் கீழே, பருப்புக்குள் புதைந்து, நெல்மணியைவிடச் சற்றே பருத்த ஒரு கரு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பருப்போடு துளைக்குழாயால் குடைந்து எடுத்து, கிருமி நீக்கி, கருவை மட்டும் பிரித்து, ஊட்டக் கலவையில் வைப்பார்கள். கருத்துப்போகாமல் இருக்கக் கரித்தூள் சேர்ப்பார்கள். பிறகு வேர் பிடிக்க ஆக்சின். ஒரு மூட்டைத் தேங்காய் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. இப்படி இங்கிருந்து போன பசிபிக் வகைகள் கர்நாடகத்தில் கிடு என்ற இடத்தில் உள்ள தெற்காசியத் தென்னை மரபணு வங்கியில் வளர்ந்தன.

ஆனால் இது நகலெடுப்பு அல்ல. ஒரு கரு, ஒரு கன்று, அவ்வளவுதான். ஒரு மரத்தை ஆயிரமாக்க உலகம் முழுக்க நாற்பது ஆண்டுக்கு மேல் முயன்றார்கள். 2,4-டி என்று நம் நெல் விவசாயிகள் களைக்கொல்லியாக அறிந்த அதே செயற்கை ஆக்சினைக் கொண்டு கேலஸ் வரவழைத்தார்கள். அதிலிருந்து கன்று வருவது அரிதாகவே இருந்தது. தென்னையின் உறவான செம்பனையில் இந்த வழி பலித்தது. நம் லிட்டில் அந்தமானில் ஹட் பேயில் இருக்கிறதே, அந்த மரம். ஆனால் மலேசியாவில் நட்ட நகல் மரங்களில் சில, ஐந்தாறு ஆண்டு கழித்துப் பிசகிய பூ விட்டு எண்ணெயில்லாக் காய் காய்த்தன. மரபணு மாறவில்லை, அதன் மேல் இருந்த ஒரு சிறு இரசாயன அடையாளம் சீசா வாழ்க்கையில் அழிந்துவிட்டது என்று 2015இல்தான் காரணம் தெரிந்தது. தென்னையில் அவசரப்படாதது ஒருவகையில் நல்லதாயிற்று.

2021இல் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தென்னைக் குருத்தையே சீசாவில் பக்கக் கிளை விடச் செய்து காட்டியிருக்கிறார்கள். கேலஸ் இல்லாமல், வாழையைப் போல ஒன்றை இரண்டாக்குவது. ஆய்வுக்கூடத்தில் நடந்திருக்கிறது; கச்சாலிலும் கார் நிக்கோபாரிலும் சுனாமி பிடுங்கிப்போட்ட தோப்புகளுக்குக் கன்று தரும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதுவரை பழைய வழிதான்: ஆண்டு தவறாமல் காய்க்கும் நடுவயது மரமாகப் பார்த்து, முற்றிய நெற்றைக் கயிறு கட்டி இறக்கி, நிழலில் வைத்து, மழை தொடங்கும் மே கடைசியில் நாற்றங்காலில் போடுங்கள். சீக்கிரம் முளைக்கும் நெற்றை வைத்துக்கொண்டு, ஐந்து மாதமாகியும் முளைக்காததைக் கழித்துவிடுங்கள்.

போன மாதம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். மேட்டு நிலத்தில் மறுபடி வாழை வைக்கப் போகிறாராம். "இந்தத் தடவை காயிதம் இருக்கா மாப்ள?" என்று கேட்டார். இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை படித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தார்.